செபமும் மாத்திரையும் சேர்ந்தே இருக்கட்டும்

காசநோய்க்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததும் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். நோயாளிகள் பயந்துபோய் ஓடி வருவார்கள். "அது ரிஃபாம்பிசின் மருந்தோட நிறம், ஒண்ணும் ஆகாது" என்று விருத்தாசலத்தில் செவிலியராக இருந்த காலமெல்லாம் சொல்லியிருக்கிறேன். இந்தப் பயம் ஒரே வார்த்தையில் தீர்ந்துவிடும். பெரிய ஆபத்து இரண்டு மாதம் கழித்துத்தான் வரும். அப்போது இருமல் நின்றிருக்கும், பசி எடுக்கும், கன்னத்தில் சதை வைத்திருக்கும். மருந்தை நிறுத்திவிடலாம் என்று தோன்றுவதும் அப்போதுதான்.

பீங்கான் பட்டறையில் வேலை பார்த்த இளைஞர் ஒருவர் அப்படித்தான் நிறுத்தினார். வெளியூரில் நடந்த செபக்கூட்டத்துக்கு வீட்டார் அவரை அழைத்துப் போயிருந்தார்கள்.

"ஆண்டவர் சுகம் குடுத்துட்டார் சிஸ்டர். இனிமேயும் மாத்திரை சாப்பிட்டா விசுவாசம் இல்லைன்னு ஆயிடும்னு சொன்னாங்க" என்றார் அவருடைய அம்மா.

"சுகம் குடுக்கிறவர்தானேம்மா மாத்திரையையும் குடுத்திருக்கார். ஆறு மாசம் முடியட்டும்" என்று கெஞ்சினேன். அவர்கள் கேட்கவில்லை. மறு வருடம் அவர் கோழையில் ரத்தத்தோடு வந்து நின்றார். பழைய மருந்துக்குக் கிருமி மசியவில்லை. வேறு மருந்துகளை ஒன்றரை வருடத்துக்கு மேல் சாப்பிட்டுத்தான் பிழைத்தார்.

அந்த அம்மாவின் மேல் எனக்குக் கோபமில்லை. பிள்ளை பிழைக்க வேண்டும் என்று எங்கே கதவு திறந்திருந்ததோ அங்கெல்லாம் போய்த் தட்டியவர் அவர். நானும் செபமாலை சொல்லாமல் வார்டுக்குள் நுழைந்ததில்லை. ஆனால் நோயாளியின் கையிலிருந்து மாத்திரையைப் பிடுங்கச் சொல்லும் செபத்துக்குக் கிறிஸ்தவ மரபில் இடமில்லை. அதை வேதத்தை வைத்தும் நம் வட்டாரத்து வரலாற்றை வைத்தும் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

தூசியும் கிருமியும்

எங்கள் ஊருக்குப் பழமலைநாதர் கோயிலும் மணிமுத்தாறும் எப்படி அடையாளமோ, அப்படித்தான் பீங்கானும். செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மையும் ஃப்யூஸ் கட்டையும் செய்கிறார்கள். சீனக்களி, குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் மூன்றையும் அரைத்துத் தண்ணீரில் கரைத்து பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சியதும் பொம்மை கழன்று வரும். அது காய்ந்த பிறகு அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் வரப்பு மாதிரி ஒரு கோடு நிற்கும். அதைக் கத்தியால் சுரண்டும்போது பறக்கும் வெள்ளைத் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது வருடக்கணக்கில் மூச்சோடு உள்ளே போனால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். இதுதான் சிலிக்கோசிஸ். வந்த பிறகு இதைக் குணமாக்க மருந்து கிடையாது. இப்படிப்பட்ட நுரையீரலில் காசநோயும் சுலபமாகப் பற்றிக்கொள்ளும். அதனால்தான் ஈரப் பஞ்சால் துடையுங்கள், முகக்கவசம் போடுங்கள் என்று மன்றாடுகிறோம்.

காசநோய் அப்படியல்ல, அதை முழுதாகக் குணப்படுத்த முடியும். வழக்கமான சிகிச்சையில் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள். முதல் இரண்டு மாதத்திலேயே பெரும்பாலான கிருமிகள் செத்துவிடுவதால்தான் உடம்பு தேறியது போல இருக்கும். மிச்சமிருப்பவை மெல்லச் சாகிறவை. அந்த நேரத்தில் மருந்தை நிறுத்தினால் அவை மறுபடி பெருகும், மருந்தை எதிர்க்கவும் பழகிவிடும். பட்டறைக்காரர்களிடம் நான் இப்படித்தான் சொல்வேன்: "பாதிச் சூட்டில சூளையை அணைச்சா பாண்டம் என்ன ஆகும்? அதே கதைதான்." அவர்களுக்கு உடனே புரிந்துவிடும்.

வேதத்தில் வரும் பத்து

எசேக்கியா அரசர் பிளவை நோயால் சாகக் கிடந்தபோது சுவர்ப்பக்கம் திரும்பி அழுது செபித்தார். கடவுள் அவருக்கு இன்னும் பதினைந்து ஆண்டு ஆயுள் கொடுத்ததாக இறைவாக்கினர் எசாயா வந்து சொன்னார். அதோடு நிறுத்தவில்லை. அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பத்துப் போடச் சொன்னார். வாக்குக் கொடுத்தவரே மருந்தையும் தந்தார். "எனக்குத்தான் வாக்கு வந்துவிட்டதே, பத்து எதற்கு?" என்று அரசர் தட்டிவிடவில்லை.

யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் இயேசு மண்ணைக் குழைத்து, பிறவிக் குருடரின் கண்ணில் பூசி, சிலோவாம் குளத்தில் போய்க் கழுவச் சொல்கிறார். நல்ல சமாரியர் உவமையில், அடிபட்டுக் கிடந்தவருக்கு வழிப்போக்கர் செய்த முதல் உதவி, காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டியது. பிறகு சாவடிக்காரரிடம் பணமும் கொடுத்துப் போனார். திமொத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சை மது எடுத்துக்கொள்ளச் சொல்லி பவுல் எழுதினார். அவரோடு பயணம் செய்த லூக்கா ஒரு மருத்துவர். கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள சீராக்கின் ஞான நூல், 38-ஆம் அதிகாரத்தில், மருந்துகளை மண்ணிலிருந்து படைத்தவர் ஆண்டவரே என்கிறது. மருத்துவருக்கு இடம் விட வேண்டும் என்றும் அங்கே இருக்கிறது.

நம் வட்டாரத்துச் சாட்சி

விருத்தாசலம் பக்கம் கோணாங்குப்பத்தில் பெரியநாயகி அன்னை ஆலயம் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் அதைக் கட்டியவர் வீரமாமுனிவர். இத்தாலியில் பிறந்து, தமிழில் தேம்பாவணி பாடியவர். அங்கே தமிழ்ப் பெண்ணாகச் சேலையில் நிற்கும் மாதாவிடம் பிள்ளை வரம் கேட்டும் நோய் தீரக் கேட்டும் எல்லா மதத்தாரும் வருகிறார்கள்.

கொள்ளிடக்கரை ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவரைப் பற்றி இன்னொரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அரியலூரை ஆண்ட மழவராயருக்கு ராஜபிளவை வந்து யாராலும் ஆற்ற முடியவில்லையாம். முனிவர் அடைக்கல அன்னையை வேண்டிக்கொண்டு தம் கையால் மருந்திட்டார், புண் ஆறியது, அரசர் ஆலயத்துக்கு நிலம் கொடுத்தார் என்பார்கள். எசேக்கியாவுக்கும் பிளவை, மழவராயருக்கும் பிளவை. இரண்டு இடத்திலும் வேண்டுதலோடு மருந்தும் இருந்தது. நம் முன்னோர் இதில் முரண் எதையும் பார்க்கவில்லை.

பிரான்சில் உள்ள லூர்து நகரைப் பாருங்கள். 1858-இல் மாதா காட்சி கொடுத்த இடம் என்று உலகமே அங்கு போகிறது. 1883 முதல் அங்கே மருத்துவர்களின் அலுவலகம் ஒன்று செயல்படுகிறது. குணமானேன் என்று வருகிறவரின் பழைய மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்கி ஆராய்கிறார்கள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பதிவுகளில் எழுபது சொச்சத்தைத்தான் திருச்சபை புதுமை என்று ஏற்றது. புதுமையை நம்புகிற திருச்சபையே மருத்துவரை உட்கார வைத்துச் சோதிக்கிறது. நாம் மட்டும் ஒரே ராத்திரியில் எப்படி முடிவு கட்டுவது?

குணமாகாதவர்கள்

செபித்தும் குணமாகாதவர்களிடம் "உனக்கு விசுவாசம் போதாது" என்று சொல்வதைப் போலக் கொடுமை வேறில்லை. சிலிக்கோசிஸ் வந்து, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி மூச்சுக்கு ஏங்கும் மனிதரிடம் அப்படிச் சொன்னதை நான் காதால் கேட்டிருக்கிறேன். பிறவிக் குருடரைப் பார்த்து "இவர் பாவமா, பெற்றவர் பாவமா?" என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார் இயேசு. பவுல் தம் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடச் சொல்லி மூன்று முறை மன்றாடினார். முள் போகவில்லை, தாங்கும் வலிமை கிடைத்தது. அவருக்கா விசுவாசம் இல்லை?

வேலூர் சி.எம்.சி. மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் சிக்கி, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். மறுபடி அவரால் நடக்க முடியவில்லை. ஆனால் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் விரல்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்பு நியூயார்க் போய்ப் படித்து வந்து, தம்மைப் போல முடங்கியவர்களுக்கான மறுவாழ்வுத் துறையை அந்த மருத்துவமனையில் வளர்த்தார். 1972-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவருடைய கால்கள் எழவில்லை, அவரால் எத்தனையோ பேர் எழுந்தார்கள். இதையும் நான் சுகம் என்றே சொல்வேன்.

செபிக்க வருகிறவர்களுக்கு

நோயாளியின் வீட்டுக்கு மூப்பர்களை அழைத்து, எண்ணெய் பூசி செபிக்கச் சொல்கிறது யாக்கோபின் திருமுகம். முன்பெல்லாம் எங்கள் வீடுகளில் உயிர் பிரியும் நேரத்தில்தான் ஃபாதரைக் கூப்பிடுவார்கள். அவர் வாசலில் நுழைந்தாலே நோயாளி நடுங்கிப்போவார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அந்தச் சடங்கைச் சீரமைத்தார். இப்போது பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முன்பேகூட நோயில்பூசுதல் பெறலாம். நெற்றியிலும் இரண்டு உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசுவார்கள். மூன்று வாரமாக யாரும் தொடப் பயந்த ஒரு காசநோயாளியின் கையை ஃபாதர் விரித்துப் பிடித்து எண்ணெய் பூசியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அன்று ராத்திரிதான் அவர் கஞ்சி வேண்டும் என்று கேட்டார். மாத்திரையை வயிறு ஏற்றுக்கொள்ள அந்தக் கஞ்சி உதவியது.

ஃபாதர், பாஸ்டர், செபக்குழுவில் இருக்கிற சகோதர சகோதரிகள் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். நோயாளி வீட்டுக்குப் போனால் "இன்னைக்கு மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று முதலில் கேளுங்கள், பிறகு செபியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவரை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்ச் சளிப் பரிசோதனை செய்ய வையுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். சத்துணவுக்கு மத்திய அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது, அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். சாட்சி சொல்ல ஆசைப்படுகிறவரிடம், ஆறு மாதம் முடிந்து சளியில் கிருமி இல்லை என்று தெரிந்த பிறகு மேடை ஏறலாம் என்று சொல்லுங்கள். அப்போது அவர் சொல்லும் நன்றிக்கு நானும் முன்வரிசையில் உட்கார்ந்து ஆமென் சொல்வேன்.