தட்டினால் மின்சாரம், மின்சாரத்தால் எலும்பு

டீ போட அடுப்பைப் பற்றவைக்கிறோமே, அந்த கேஸ் லைட்டருக்குள் பேட்டரி கிடையாது. கட்டைவிரலால் அமுக்கியதும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஒரு குட்டிச் சுத்தியலைத் தள்ளிவிடும். அது ஒரு பீங்கான் துண்டின் தலையில் ‘டக்’கென்று அடிக்கும். அடிபட்ட துண்டில் ஆயிரக்கணக்கான வோல்ட் பிறந்து, முனையில் பொறியாகத் தாவும். இப்படி அழுத்தினால் மின்சாரம் தரும் பொருட்கள் சில உண்டு. நம் எலும்பும் அதில் சேர்த்தி.

1957-ல் ஜப்பானில் ஃபுகாதா என்ற இயற்பியலாளரும் யசுதா என்ற எலும்பு மருத்துவரும் சேர்ந்து இதை அளந்து காட்டினார்கள். உலர்ந்த எலும்புத் துண்டை அழுத்தினால் மின்னூட்டம் எழுந்தது. அதிலுள்ள கொலாஜன் என்ற புரத நார்தான் காரணம். உடம்புக்குள் ஈரமாக இருக்கும் எலும்பில் விஷயம் இன்னும் கொஞ்சம் சிக்கல். நாம் நடக்கும்போது எலும்பின் நுண்துளைகள் வழியே உப்புத் திரவம் பிதுங்கி ஓடுகிறது. மின்னழுத்தத்தில் பெரும்பங்கு அந்த ஓட்டத்தால்தான் வருகிறது என்கிறார்கள். யசுதா அதற்கு முன்பே தலைகீழாகவும் செய்து பார்த்திருந்தார். முயலின் தொடை எலும்பில் மிகச் சிறிய மின்னோட்டம் கொடுத்தார். எதிர்மின்வாயைச் சுற்றிப் புது எலும்பு வளர்ந்தது.

வளர்ந்தது சரி, வளர்த்தது யார்? மின்சாரம் கால்சியத்தைக் கொண்டுவந்து கொட்டவில்லை. வேலை செய்தது செல்கள்.

எலும்பு மஜ்ஜையில் ஒருவகை ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. சோவியத் நாட்டின் ஃப்ரீடென்ஷ்டைன் 1960-களிலிருந்து இவற்றைத் தேடிப் பிரித்துக் காட்டினார். எலும்பாகவும் ஆகலாம், குருத்தெலும்பாகவும் ஆகலாம், வெறும் கொழுப்பாகவும் ஆகலாம். எதுவாக ஆவது என்பது அவற்றுக்குக் கிடைக்கும் சேதியைப் பொறுத்தது. ஆய்வகத்தில் அந்தச் சேதியை வழக்கமாக மருந்து மூலம் சொல்வார்கள். டெக்ஸாமெதசோன், வைட்டமின் சி, ஒரு பாஸ்பேட் உப்பு மூன்றையும் கலந்து செல் இருக்கும் தட்டில் ஊற்றி, மூன்று வாரம் போலக் காத்திருந்து, அலிசரின் ரெட் என்ற சாயத்தை விட்டுக் கழுவுவார்கள். கால்சியம் படிந்த இடமெல்லாம் செக்கச்செவேலென்று நிற்கும். தட்டு சிவந்தால் எலும்பு வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

அதே சேதியை மின்சாரம் எப்படிச் சொல்கிறது? செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. அதன் உட்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் இடையே எப்போதும் சில பத்து மில்லிவோல்ட் வித்தியாசம் இருக்கிறது. வெளியே கால்சியம் உள்ளே இருப்பதைவிட ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு அதிகம். சவ்வின் மின்னழுத்தம் அசைந்தால் சில வாயில்கள் திறக்கும். கால்சியம் திமுதிமுவென்று உள்ளே நுழையும். அந்த நுழைவு புரதம் புரதமாகக் கைமாறிக் கடைசியில் மரபணுக்கள் வரை போகிறது. அங்கே ரன்எக்ஸ்2 என்ற மரபணு விழித்துக்கொண்டால் செல் எலும்புப் பாதையில் இறங்கிவிடும். இந்த மரபணு இல்லாத எலிகளை 1997-ல் உருவாக்கிப் பார்த்தார்கள். குருத்தெலும்பில் எலும்புக்கூட்டின் வடிவம் இருந்தது, எலும்பு மட்டும் இல்லை. பிறந்த கையோடு இறந்துபோயின.

செல்லுக்கு மின்சாரம் கொடுப்பது கேட்க எளிது, செய்வது நச்சு வேலை. உலோகக் கம்பியை நேராகச் செல் இருக்கும் திரவத்தில் விட்டால் மின்பகுப்பு நடக்கும். கார அமிலத் தன்மை மாறும், நச்சுப் பொருட்கள் கரையும். அதனால் கம்பியைத் தனிக் கிண்ணத்தில் வைத்து, உப்பு கலந்த அகர் என்ற கூழ் நிரப்பிய குழாய் வழியாக மின்சாரத்தை அனுப்புகிறார்கள். கம்பியே வேண்டாம் என்பவர்கள், அசைந்தால் தானே மின்னூட்டம் தரும் பிவிடிஎஃப் போன்ற பிளாஸ்டிக்கில் வலை பின்னி, அதன்மேல் செல்லை வளர்க்கிறார்கள். எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடித்திருக்கிறது. உடம்பு செய்வதற்கு இதுவே பக்கம்.

ஒரு விஷயத்தை மட்டும் உஷாராகப் படிக்க வேண்டும். பல சோதனைகளில் மின்சாரத்தோடு அந்த மருந்துக் கலவையும் தட்டில் இருக்கிறது. அப்போது மின்சாரம் செல்லை மாற்றியதா, மாறிக்கொண்டிருந்ததை வேகப்படுத்தியதா என்று பிரித்துச் சொல்வது கடினம். மருந்தே இல்லாமல் செய்த சோதனைகளுக்குத்தான் எடை அதிகம்.

நோயாளியிடம் வந்தால் இன்னும் நிதானம் தேவை. ஒட்டாமல் நிற்கும் எலும்பு முறிவுக்கு மின்தூண்டல் கருவியை அமெரிக்கா 1979-லேயே அனுமதித்தது. ஆனால் அவை உடம்பில் ஏற்கெனவே இருக்கும் செல்களைத் தூண்டும் கருவிகள். ஸ்டெம் செல்லை வளர்த்து உள்ளே வைப்பவை அல்ல. அவற்றில் மின்காந்தப் புல வகைக் கருவிகளை மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2011-ல் அலசிப் பார்த்தது. அதன் முடிவு, உறுதியாகச் சொல்லச் சான்று போதாது என்பதே.

ஆகவே முழங்காலுக்கு ஸ்டெம் செல் ஊசி, கூடவே கரண்ட் சிகிச்சை என்று யாராவது பேக்கேஜ் பேசினால் உடனே தலையாட்டாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான மஜ்ஜை மாற்று தவிர்த்த ஸ்டெம் செல் சிகிச்சைகள், அனுமதி பெற்ற ஆய்வுக்குள்தான் நடக்கலாம். எந்த ஆய்வு, அதன் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். எண் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.