எத்தனை எச்.பி.?

சுரண்டைப் பக்கம் மோட்டார் கடைக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழும் கேள்வி, "எத்தனை எச்.பி.?" கிணற்றையும் போரையும் நம்பிக் காய்கறி போடுகிற ஊருக்கு அது நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாய மின்சாரம் இலவசம். அதனால் அந்தக் கேள்விக்குப் பிறகு, மோட்டார் எத்தனை வாட் இழுக்கும் என்று யாரும் மெனக்கெட்டு விசாரிப்பதில்லை.

சிக்கல் புறவாசலில் வருகிறது. வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்கு ஆறடி தோண்டி, ஆம்பலும் கொஞ்சம் வண்ண மீன்களும் விட ஆசைப்படுகிறவர், மேல்நிலைத் தொட்டிக்கு வைத்திருந்த பழைய அரை எச்.பி. மோட்டாரையே குளத்துக்கும் மாட்டிவிடுகிறார். அரை எச்.பி. என்றால் 373 வாட். அது அச்சில் கிடைக்கும் திறன். மோட்டார் கரண்டில் இழுப்பது இதைவிட அதிகம். 373 என்றே வைத்துக்கொண்டு இரவு பகலாக ஓடவிட்டாலும் நாளுக்கு ஏறக்குறைய 9 யூனிட், இரண்டு மாதப் பில்லில் 537 யூனிட். வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று 2016-இல் அரசு அறிவித்ததே, அது ஒரு மூலைக்குக்கூடக் காணாது. 500 யூனிட்டைத் தாண்டியதும் கீழ்ப்படிகளின் சலுகை விலையும் பறிபோகும்.

மோட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டு மாடி உயரத்துக்குத் தண்ணீர் தள்ளச் செய்த பொருள் அது. குளத்துக்கு வேண்டியதோ நாலைந்து அடி.

குளத்துப் பம்பு வாங்கக் கிளம்பும் முன் வீட்டிலேயே போட வேண்டிய கணக்கு சின்னது. பத்தடி நீளம், ஆறடி அகலம், இரண்டடி ஆழம் என்றால் 120 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் சுமார் 3,400 லிட்டர். மீன் உள்ள குளத்தில் மொத்தத் தண்ணீரும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வடிகட்டி வழியாகப் போய்வந்தால் போதும் என்பது பொதுவான வழக்கம். ஆக, மணிக்கு 1,700 லிட்டர். அதை ஐந்தடி ஏற்ற இயற்கை கேட்கும் சக்தி வெறும் 7 வாட். எந்தப் பம்பும் அவ்வளவு சிக்கனமாக ஓடாது. சின்னப் பம்புகளில் முக்கால்வாசி சக்தி சூடாகவும் சுழலாகவும் வீணாகிவிடும். ஆனாலும் இந்த வேலையை 25 அல்லது 30 வாட்டில் முடிக்கிற பம்பும் உண்டு, 90 வாட் இழுக்கிற பம்பும் உண்டு. 25 வாட் பம்புக்கு இரண்டு மாதத்தில் 36 யூனிட்; 90 வாட்டுக்கு 130 யூனிட்.

தாமரையோ ஆம்பலோ மட்டும் வளர்ப்பவருக்கு இந்தக் கணக்கும் வேண்டாம், பம்பும் வேண்டாம். அவை அசையாத தண்ணீரையே விரும்பும். இலைமேல் ஓயாமல் தண்ணீர் தெளித்தால் சுணங்கும். கொசுவுக்குப் பயந்து பம்பு போடுகிறவர்கள், அதற்குப் பதில் நாலு கப்பி மீன்களை விட்டாலே போதும்; அவை கொசுப்புழுவைத் தின்று தீர்த்துவிடும்.

குற்றாலம் பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ, இங்கே குளம் கட்டுகிறவர்களுக்குச் சின்னதாக ஓர் அருவியும் வேண்டியிருக்கிறது. கரண்டைக் குடிப்பது அதுதான். ஓர் அடி அகலத்துக்குத் தண்ணீர் திரையாக விழ மணிக்குச் சுமார் 4,500 லிட்டர் வேண்டும். உயரம் கூடக்கூட வாட்டும் அதே விகிதத்தில் கூடும். ஐந்தடி அருவியை இரண்டடியாகக் குறைத்தால் பாதிக்கும் கீழான சக்தி போதும். தண்ணீர்ச் சத்தத்துக்குப் பெரிய பஞ்சம் வந்துவிடாது. சிற்றாற்றுக் கால்வாய்களில் மட்டம் பார்த்தே குளத்துக்குக் குளம் தண்ணீர் கொண்டுபோன ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த திருட்டு குழாயில் நடக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதென்று அரை அங்குல ஓஸைச் செருகினால், மணிக்கு 1,700 லிட்டர் ஓட்டத்தில் ஒவ்வொரு மீட்டர் ஓஸும் பம்புக்கு ஒரு மீட்டருக்கு மேல் கூடுதல் உயரம்போல் கனக்கும். ஓர் அங்குலக் குழாய் போட்டால் அந்த உராய்வு ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்காகக் குறைகிறது. பம்புக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டுக் குழாயில் ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிப்பது வேடிக்கை.

பெட்டியில் அச்சிட்டிருப்பதையும் கவனித்துப் படிக்க வேண்டும். "அதிகபட்சம் 2,000 லிட்டர், அதிகபட்சம் 2 மீட்டர்" என்று இருந்தால் இரண்டும் சேர்ந்து கிடைக்கும் என்று அர்த்தமில்லை. 2,000 லிட்டர் என்பது உயரமே ஏற்றாதபோது. 2 மீட்டரில் சொட்டுக்கூட வராது. ஐந்தடியில் எத்தனை லிட்டர், அப்போது எத்தனை வாட் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் அந்தப் பம்பின் வரைபடத்தில் இருக்கும். பாசன மோட்டார்களுக்கு இருப்பதுபோல நட்சத்திர முத்திரை இந்தக் குட்டிப் பம்புகளுக்குக் கிடையாது. வரைபடமே தராத பம்பை வாங்காமல் இருப்பது நல்லது.

மின்விசிறியில் பரிச்சயமான பி.எல்.டி.சி. மோட்டார் இப்போது குளத்துப் பம்பிலும் வருகிறது. சாதாரண விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில் அது 30 வாட்டில் சுற்றுவதைப் பலர் வீட்டிலேயே பார்த்திருப்பார்கள். விலை கூடுதல். ஆனால் 12 அல்லது 24 வோல்ட்டில் ஓடும் வகைகள் உண்டு என்பதால், குழந்தைகள் கை விடும் தண்ணீருக்கு அவை பாதுகாப்பானவை. 230 வோல்ட் பம்பைத் தண்ணீருக்குள் இறக்குகிறவர்கள், கசிவு ஏற்பட்டதும் கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாமல் இறக்கவே கூடாது.

பில்லைக் குறைக்க இரவில் பம்பை அணைத்துவிட்டுப் படுப்பவர்கள் உண்டு. மீனுக்கு அது ஆபத்து. பகலில் பாசியும் செடியும் ஆக்சிஜன் விடுகின்றன. இருட்டியதும் அவையும் மீனோடு சேர்ந்து அதை உறிஞ்சுகின்றன. விடியலுக்குச் சற்று முன்புதான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். பகலில் மட்டும் ஓடும் சோலார் பம்பின் குறையும் இதுவே. பேட்டரி இல்லாவிட்டால் தேவையான நேரத்தில் அது தூங்கும். அருவியை நிறுத்தத்தான் வேண்டுமென்றால், சில வாட்டில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றையாவது இரவில் ஓடவிடலாம்.

சூடேறிய தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் தங்கும் தண்ணீரில் 30 டிகிரியில் ஏழரைதான். சித்திரை, வைகாசியில் பம்பு முழு வேகத்தில் ஓட வேண்டும். ஆனி, ஆடியில் சாரல் விழுந்து தண்ணீர் குளிர்ந்ததும் வேகத்தைக் குறைக்கலாம். பி.எல்.டி.சி. பம்புகள் பலவற்றில் அதற்கு ஒரு திருகி உண்டு. வேகம் பாதியானால் இழுக்கும் சக்தி கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்காக இறங்கும். ஏற்றும் உயரமும் கால்வாசியாகும் என்பதை மறந்துவிடக் கூடாது: பத்தடி ஏற்றும் பம்பு அப்போது இரண்டரை அடிதான் ஏற்றும். ஐந்தடி அருவி வைத்தவருக்குத் தண்ணீர் மேலே எட்டாது. ஒன்றரை அடியில் நிறுத்திக்கொண்டவர் சாரல் முடியும்வரை பாதி வேகத்திலேயே ஓட்டலாம்.