பழைய வாக்கி-டாக்கிக்குப் புது வேலை

ஸ்ரீபெரும்புதூர், ராமானுஜர் பிறந்த ஊர். கோபுரத்தில் ஏறி நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி மந்திரத்தைச் சொன்னவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள்.

அந்த ஊரில் இருந்து ஒரகடம் வரை இன்று தொழிற்சாலைகள். அங்கே காவலாளி கையில் வாக்கி-டாக்கி. கிரேன் ஓட்டுகிறவர் பக்கத்தில் வாக்கி-டாக்கி. இவர்கள் பேச்சு எல்லோருக்கும் கேட்டால் வம்பு! அதனால் கம்பெனிகள் சர்க்காரிடம் லைசென்சு வாங்கி, தங்களுக்கு ஒதுக்கிய அலைவரிசையில் பேசுகின்றன.

புது மாடல் வந்தால் பழையதைக் கழித்துவிடுவார்கள். ஆனால் அவை கெட்டியான கருவிகள். கீழே விழுந்தாலும் லேசில் உடையாது. "ஹாம்" ரேடியோக்காரர்களுக்கு அவற்றின் மேல் ஓர் ஆசை.

ஹாம் என்றால் யார்?

பொழுதுபோக்குக்காக ரேடியோவில் பேசுகிறவர்கள். 12 வயது ஆனவர்கள் தேர்வு எழுதலாம். தேறினால் மத்திய சர்க்கார் லைசென்சு கொடுக்கும். "வி.யு." என்று தொடங்கும் அழைப்புப் பெயரும் கிடைக்கும். லைசென்சு இல்லாமல் இந்தக் கருவியை வைத்திருப்பதே குற்றம்.

மாற்றுவது எப்படி?

கம்பெனி வாக்கி-டாக்கியில் பெரும்பாலும் திருகுகள்தான் இருக்கும். எண்களைத் தட்ட வழி இல்லை. எந்த அலைவரிசை என்பது உள்ளே பதிந்து கிடக்கிறது. அதற்கென்று உள்ள வயரால் கம்ப்யூட்டருடன் இணைத்து, அந்த மாடலுக்கு உரிய மென்பொருளால் அதைப் படிக்க வேண்டும். மாடல் மாறினால் கருவி கெட்டுப்போகலாம்.

திரையில் ஒரு பட்டியல் வரும். கேட்கும் அலைவரிசை எது, பேசும் அலைவரிசை எது என்று அதில் இருக்கும். பல கருவிகள் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும். ஹாம்களுக்கு உரிய 144 முதல் 146 வரையிலான இடமும் அதற்குள் அடக்கம். பழையதை அழித்து, இந்த எண்களை எழுத வேண்டும்.

கூடவே ஒரு மெல்லிய "தொனி"யும் பதிந்திருக்கும். பேச்சோடு அது ரகசியமாகப் போகும். அதே தொனி வந்தால்தான் எதிரில் உள்ள கருவி வாய் திறக்கும். கதவுக்குச் சாவி மாதிரி!

அழிக்காமல் விட்டால்?

வீட்டில் பையன் விளையாட்டாகப் பொத்தானை அழுத்துவான். "ஹலோ, ஹலோ" என்பான். சில கிலோமீட்டருக்குள் அந்தத் தொழிற்சாலை இருந்தால் அங்கே கேட்கும். சாவிதான் உள்ளேயே இருக்கிறதே! அந்த நேரத்தில் கிரேனில் டன் கணக்கில் இரும்பு தொங்கிக் கொண்டிருக்கலாம். கீழே நிற்பவர் "நிறுத்து" என்று கத்துவார். அந்தச் சொல் பையனின் "ஹலோ"வில் அமுங்கிப் போகலாம். ஓர் உயிருக்கே ஆபத்து.

ஒழுங்காக மாற்றிய கருவியோ, உயிரைக் காக்கும். 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தபோது, பாரதி பிரசாத் என்ற ஹாம் பெண்மணி அந்தமானில் இருந்தார். தொடர்பு அறுந்த தீவில் இருந்து அவர் ரேடியோ மூலம் செய்தி அனுப்பினார். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் செல்போன்கள் ஊமையானபோதும் ஹாம்கள் உதவிக்கு வந்தார்கள். அன்று தண்ணீர் திறந்துவிடப்பட்ட செம்பரம்பாக்கம் ஏரி, ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில்தான் இருக்கிறது.

பழைய கருவியில் முதலில் உயிர் போவது பாட்டரிக்குத்தான். மழைக்காலம் வருமுன் அதை மாற்றிவிட வேண்டும்.