விருந்தின் முதல் தட்டு: எளிய கடலுணவுச் சிற்றுண்டிகள்

விருந்தினர் வந்ததும் நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் தாமதமின்றி உணவு கொண்டுவந்து அவர்கள் அருகில் வைத்த செய்தியைத் திருக்குர்ஆன் 11ஆம், 51ஆம் அத்தியாயங்களில் எடுத்துரைக்கின்றது. வந்தவரைப் பசியோடு காத்திருக்க வைக்கலாகாது என்னும் பாடத்தை அறிஞர்கள் இதிலிருந்து எடுத்துக்காட்டுவர். ஆனால் நம் இல்லங்களில் பல வேளைகளில் நடப்பது என்ன? பிரியாணி தம்மில் இருக்கும். விருந்தினர் கூடத்தில் அமர்ந்திருப்பர். குழந்தைகள் பசியால் சிணுங்குவர். இந்த இடைவெளியை அழகாக நிரப்புவதுதான் விருந்துக்கு முன் வைக்கும் சிறு தட்டு. இன்று இதனை ‘ஸ்டார்ட்டர்’ என்று அழைக்கின்றோம்.

பெயர்தான் புதிது, பண்டம் பழையது. நாகூர், அதிராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் அரிசி மாவிற்குள் இறாலை வைத்துப் பொரிக்கும் ‘வாடா’ நோன்புக் கஞ்சிக்குத் துணையாக வருவதை அறிவீர்கள். கொழும்பு காலிமுகத் திடலில் பருப்பு வடையின்மீது முழு இறாலைப் பதித்துப் பொரித்து விற்கின்றனர். இவை கைப்பழக்கம் வேண்டும் பண்டங்கள். புதிதாய்ச் சமைப்பவரும் அஞ்சாமல் செய்யத்தக்க மூன்றினை இங்கே காண்போம். அதற்கு முன் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு.

யாருக்கு எது?

கடல் உணவு ஆகுமாக்கப்பட்டதைத் திருமறையின் 5:96ஆம் வசனம் அறிவிக்கின்றது. எனினும், கடலில் வாழும் எவையெவை உண்ணத்தக்கவை என்பதில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. ஹனஃபீ மத்ஹபில் மீன் மட்டுமே ஆகும். நண்டும் கணவாயும் ஆகா. இறால் மீனினத்தைச் சேர்ந்ததா என்பதில் ஹனஃபீ அறிஞர்களே இரு கருத்தாய் உள்ளனர். ஆகவே அவர்களுள் உண்பவரும் உண்டு, தவிர்ப்பவரும் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் வரம்பு விரிவானது. கணவாயும் இறாலும் தயக்கமின்றி உண்ணப்படுகின்றன. நண்டைக் குறித்து மட்டும் அம்மத்ஹபு நூல்களிலும் கருத்து வேறுபாடு காணப்படுகின்றது.

இதை இங்கே கூறுவது வாதம் புரிவதற்கன்று. காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ பெண் கொடுக்கும் வீட்டிற்குத் திண்டுக்கல்லிலிருந்தோ வாணியம்பாடியிலிருந்தோ சம்பந்தி வீட்டார் முதன்முறையாக வருகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். அன்போடு நீட்டிய தட்டில் மீனும் கணவாயும் ஒன்றாய்க் கலந்து கிடந்தால் வந்தவர் என்ன செய்வார்? கேட்கவும் கூச்சம், மறுக்கவும் தயக்கம். உபசரிப்பே அவருக்குச் சங்கடமாகிவிடும். தாம் உண்ணத் தகாது என்று கருதுவதை அறியாமல் உண்டுவிட்டுப் பின்னர் அறிந்து வருந்துவது அதனினும் கொடிது.

இவ்வெச்சரிக்கை உடல்நலத்திற்கும் பொருந்தும். இறால், நண்டு போன்றவை சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். தோலில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் வரை அது செல்லக்கூடும். அத்தகையோருக்கு இறால் பொரித்த எண்ணெயில் பொரித்த மீன்கூட ஆபத்தாகலாம்.

ஆகவே மூன்று விதிகளைக் கைக்கொள்ளுங்கள். முதலாவது, ஒவ்வொரு பண்டத்தையும் தனித்தட்டில் வைத்துப் பெயர் சொல்லிப் பரிமாறுங்கள். இரண்டாவது, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஒன்றே இருந்தால் முதலில் மீன், அடுத்து இறால், இறுதியில் கணவாய் என்ற வரிசையில் பொரியுங்கள். மூன்றாவது, கடையில் வாங்கும் பொருள்களின் உறையைப் படியுங்கள். ‘ஆய்ஸ்டர் சாஸ்’ என்பது சிப்பிச் சாற்றில் செய்வது. ‘நண்டுக் குச்சி’ என்று உறையவைத்து விற்பது பெரும்பாலும் அரைத்த மீன்தான். எனினும் சிலவற்றில் நண்டின் சாறும், அரிசி மதுவும் சேர்வதுண்டு.

வாங்கும்போது

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. நம் திருமணங்கள் பலவும் இக்கோடை விடுமுறையில்தான் நடைபெறுகின்றன. அப்போது பெரிய மீன்களின் விலை ஏறும். நாட்டுப் படகு மீனும், பண்ணையில் வளர்த்த வனாமி இறாலும் அக்காலத்தில் கைகொடுக்கும்.

மீனின் கண் தெளிந்தும் செவுள் சிவந்தும் இருக்க வேண்டும். விரலால் அழுத்திய சதை உடனே மேலெழ வேண்டும். இறாலின் தலை உடலோடு உறுதியாய் ஒட்டியிருக்க வேண்டும். தலை கறுத்துத் தளர்ந்ததை வாங்காதீர்கள். சூரை, கானாங்கெளுத்தி ஆகியவற்றில் கூடுதல் கவனம் தேவை. இவை பனிக்கட்டியின்றி வெயிலில் கிடந்தால் சதையில் ‘ஹிஸ்டமின்’ என்னும் பொருள் பெருகும். எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது. உண்டவருக்கு முகச்சிவப்பும் தலைவலியும் வாந்தியும் ஏற்படும். ஆகவே சந்தையிலிருந்து வீடு வரும்வரை மீன் பனிக்கட்டியிலேயே இருக்கட்டும்.

கீழே உள்ள அளவுகள் ஏறக்குறைய 20 பேருக்கானவை. பின்னர் முழுச் சாப்பாடு இருப்பதால், ஒரு வகையில் ஆளுக்கு இரண்டு மூன்று துண்டுகள் போதும். முதல் தட்டின் பணி பசியைத் தூண்டுவதேயன்றி வயிற்றை நிரப்புவதன்று.

1. மீன் கட்லெட்

தேவையான பொருள்கள்: சூரை அல்லது வஞ்சிரம் (தென்கரையில் சீலா) முக்கால் கிலோ, உருளைக்கிழங்கு அரை கிலோ, சின்ன வெங்காயம் 200 கிராம், பச்சை மிளகாய் 6, இஞ்சி பூண்டு விழுது 2 தேக்கரண்டி, மிளகுத் தூள் 2 தேக்கரண்டி, மஞ்சள் தூள் அரைத் தேக்கரண்டி, கறிவேப்பிலை, கொத்தமல்லி, எலுமிச்சம்பழம் 1, முட்டை 3, ரொட்டித் தூள் 250 கிராம், உப்பு, எண்ணெய்.

செய்முறை: மீனை மஞ்சள் தூள், உப்பு, சிறிது நீர் சேர்த்துப் பத்து நிமிடம் வேகவையுங்கள். நீரை நன்றாக வடித்து, ஆறியபின் தோலையும் முள்ளையும் நீக்கி உதிர்த்துக்கொள்ளுங்கள். முள் எடுக்கும் வேலையில் அவசரம் கூடாது; உதிர்த்த சதையைக் கைவிரலால் இருமுறை தடவிப் பாருங்கள். பொடியாய் அரிந்த வெங்காயம், மிளகாய், கறிவேப்பிலையை வதக்கி, விழுதைச் சேர்த்துப் பச்சை வாசனை போனபின் மீனையும் மிளகுத் தூளையும் இட்டு ஈரம் வற்றும்வரை கிளறுங்கள். இறக்கி, அவித்து மசித்த கிழங்கு, கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு, தேவையான உப்பு சேர்த்துப் பிசையுங்கள். சிறு எலுமிச்சை அளவு உருட்டித் தட்டினால் நாற்பது வரை வரும். அடித்த முட்டையில் தோய்த்து ரொட்டித் தூளில் புரட்டி, காய்ந்த எண்ணெயில் பொன்னிறமாகப் பொரியுங்கள். கலவையில் ஈரம் மிகுந்தால்தான் கட்லெட் எண்ணெயில் உடையும்.

இதனை முன்னாளிலேயே தூளில் புரட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் மூடி வைக்கலாம். விருந்தன்று பொரிப்பது மட்டுமே வேலை.

2. நெத்திலி வறுவல்

செலவு குறைந்தது, முள்ளோடு மென்று தின்னத்தக்கது.

தேவையான பொருள்கள்: நெத்திலி ஒன்றரைக் கிலோ, மிளகாய்த் தூள் 3 தேக்கரண்டி, மஞ்சள் தூள் 1 தேக்கரண்டி, சீரகத் தூள் 1 தேக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது 3 தேக்கரண்டி, எலுமிச்சம்பழம் 2, அரிசி மாவு 6 மேசைக்கரண்டி, கறிவேப்பிலை, உப்பு, எண்ணெய்.

செய்முறை: தலையைக் கிள்ளிக் குடலோடு இழுத்து நீக்கி, கழுவி, நீரை முழுவதும் வடியுங்கள். அரிசி மாவு தவிர மற்றவற்றைப் பிசறி, பெட்டியில் அரை மணி நேரம் வையுங்கள். பொரிக்கும் தறுவாயில் அரிசி மாவைத் தூவிப் பிசறுங்கள். முன்பே தூவினால் மாவு நீர்விட்டு மொறுமொறுப்புக் கெடும். சட்டியில் ஒரு கைப்பிடியளவே இட்டு, மூன்று நிமிடம் பொரித்து எடுங்கள். ஒரே தடவையில் நிறைய இட்டால் எண்ணெயின் சூடு தணிந்து மீன் எண்ணெயைக் குடிக்கும்.

3. இறால் மிளகு வறுவல்

தேவையான பொருள்கள்: நடுத்தர இறால் ஒன்றரைக் கிலோ (தோலும் தலையும் போக ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும்), ஒன்றிரண்டாய் இடித்த மிளகு 2 மேசைக்கரண்டி, சோம்பு 1 தேக்கரண்டி, நறுக்கிய பூண்டு 15 பல், சின்ன வெங்காயம் 150 கிராம், மஞ்சள் தூள், கறிவேப்பிலை, எலுமிச்சம்பழம் 1, உப்பு, நல்லெண்ணெய் 4 மேசைக்கரண்டி.

செய்முறை: இறாலின் முதுகைக் கீறிக் கரிய குடல் நரம்பை நீக்குங்கள். மஞ்சள் தூள், உப்புப் பிசறி வையுங்கள். எண்ணெயில் சோம்பு, பூண்டு, வெங்காயம், கறிவேப்பிலை வதக்கி, தீயைக் கூட்டி இறாலைப் பரப்புங்கள். மூன்று நான்கு நிமிடமே போதும். அரைவட்டமாய் வளைந்து நிறம் மாறினால் அதுவே பதம். முழு வட்டமாய்ச் சுருண்டால் ரப்பர் போலாகிவிடும். மிளகைத் தூவி இறக்கி, எலுமிச்சை பிழிந்து, பல் குத்தும் குச்சியில் இரண்டிரண்டாய்க் கோத்து வையுங்கள். கையில் எண்ணெய் படாமல் உண்ணலாம்.

வருபவர் அனைவரும் கணவாய் உண்பவர் எனில், ஊசிக் கணவாயை வளையங்களாக அரிந்து இதே முறையில் செய்யலாம். நேரம் இரண்டு நிமிடமே.

மூன்றிற்கும் தொட்டுக்கொள்ள ஒரே துவையல் போதும். புதினா, கொத்தமல்லி, பச்சை மிளகாய், உப்பு சேர்த்து அரைத்து எலுமிச்சை பிழிந்தால் ஆயிற்று.

பரிமாறும் முறை

மூன்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டுமென்பதில்லை. மீன் வகையில் ஒன்று, இறால் வகையில் ஒன்று எனச் செய்தால் பெரும்பாலான விருந்துகளுக்கு நிறைவாகும். இறாலைத் தவிர்ப்பவருக்கும் மீன் இருக்கின்றது. கடலுணவே உண்ணாதவருக்கும் ஒவ்வாமை உடையவருக்கும் தனி எண்ணெயில் பொரித்த காய்கறிப் பண்டம் ஒன்று இருக்கட்டும். பொரித்தவை இரண்டு மணி நேரத்திற்கு மேல் வெளியில் கிடக்கலாகாது. ஆகவே மொத்தமாய்ப் பொரித்துக் குவிக்காமல், வருவோரின் வருகைக்கேற்பச் சிறிது சிறிதாய்ப் பொரியுங்கள். எஞ்சியதை உடனே குளிர்பெட்டியில் வைத்தால் விரயமும் தவிரும்.

சகோதரிகளே! விருந்தினரை அழைக்கும்போதே, “உங்கள் வீட்டில் யாரேனும் இறாலோ கணவாயோ தவிர்ப்பதுண்டா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இக்கேள்வியைத் தவறாக எண்ணுவார் எவருமில்லை. தமக்காக ஒரு தட்டு எண்ணிப் பார்த்து வைக்கப்பட்டுள்ளது என்பதை அறிந்த விருந்தினர், அதில் உள்ள பண்டத்தை மன நிம்மதியோடு உண்பார்.