கசியும் டீசல் பம்ப்: வீட்டில் முடிவது எது, முடியாதது எது?

பழைய டீசல் வண்டிகளின் டூல் பெட்டியைத் திறந்தால் ஸ்பானர்களுக்கு நடுவே ஒரு துண்டு துணி சோப்பும், சைக்கிள் டியூப்பில் வெட்டிய பட்டையும், பாதி தீர்ந்த எம்-சீலும் கிடக்கும். அம்பாசடர், டாடா 407, டிராக்டர் என எதுவானாலும் பம்பில் டீசல் ஒழுக ஆரம்பித்தால் கை முதலில் போவது இவற்றிடம்தான். பம்பைக் கழற்றிச் சர்வீஸுக்குக் கொடுத்தால் வண்டி நிற்கும், வருமானமும் நிற்கும். அதனால் எதையாவது பூசிவிட்டு ஓட்டுபவரை அலட்சியக்காரர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தக் கைவைத்தியத்தில் எது உதவும், எது இரட்டைச் செலவு வைக்கும், எது விரலையே பறிக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கு முதலில் கசிவு எந்த இடத்தில் என்று தெரிய வேண்டும்.

டேங்கிலிருந்து ஃபீட் பம்ப், ஃபில்டர் வழியாக மெயின் பம்புக்கு வரும் டீசலில் அழுத்தம் மிகக் குறைவு. மெயின் பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாய்களில் நிலைமை வேறு. பழைய இன்ஜின்களிலேயே நாசில் திறக்க 100 பாருக்கு மேல் அழுத்தம் வேண்டும். பலவற்றில் அது 200ஐத் தாண்டும். கார் டயரில் அடிக்கும் காற்று சுமார் 2 பார்தான். நாசிலில் மிஞ்சி டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் டியூப்பில் மறுபடியும் அழுத்தம் சொற்பம்.

ஆகவே நாசில் குழாய்ப் பக்கம் ஒழுகுகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது பெரிய ஆபத்து. மயிரிழை ஓட்டையிலிருந்து பீச்சும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் இருக்கும், ஆரம்பத்தில் வலியும் பெரிதாக இராது. உள்ளே திசுக்கள் அழுகத் தொடங்கிவிடும். தாமதித்தால் விரலையோ கையையோ எடுக்க நேரிடும். இப்படிக் குத்தினால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு வேலையைத் தொடரக் கூடாது. அந்த நிமிடமே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், “பிரஷரில் டீசல் உள்ளே போய்விட்டது” என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாவிட்டால் சிறு காயம் என்று கட்டுப்போட்டு அனுப்பிவிடவும் கூடும்.

“டீசல் தீப்பிடிக்காது” என்ற நம்பிக்கையும் தவறு. இந்திய டீசலுக்கான தர விதியில் தீப்பற்று வெப்பநிலையின் கீழ் வரம்பு 35 டிகிரி செல்சியஸ். சித்திரை வெயிலில் ஓடி நின்ற வண்டியின் பானெட்டுக்குள் அதைவிடக் கூடுதல் சூடு இருக்கும். பம்பிலிருந்து சொட்டும் டீசல் சைலன்சர் மேனிஃபோல்டில் விழும் நிலையில் இருந்தால், அந்த வண்டியை ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது.

கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. டீசல் ஊர்ந்து பரவும் தன்மை உள்ளது. மேலே கசிந்து கீழே சொட்டும். அதனால் ஈரம் தெரியும் இடமே கசியும் இடம் என்று நினைத்துவிடக் கூடாது. இன்ஜின் ஆறியதும் பம்பைச் சுற்றிக் கழுவித் துடைத்து, முழுக்கக் காயவிட்டு, முகப்பவுடரையோ சாக்பீஸ் தூளையோ தூவ வேண்டும். பிறகு ஸ்டார்ட் செய்து, தள்ளி நின்று டார்ச் அடித்துப் பார்த்தால் முதலில் நனையும் இடம் தெரிந்துவிடும். நாசில் குழாய்களுக்குப் பக்கத்தில் நீட்ட வேண்டியது கையை அல்ல, ஓர் அட்டைத் துண்டை.

இடம் தெரிந்தபின் சில வேலைகளை வண்டிக்காரரே பார்க்கலாம். ரிட்டர்ன் டியூப் வெடித்திருந்தால் அதே அளவில் டீசலுக்கென்றே விற்கும் டியூப்பை வாங்கி மாற்றினால் போதும், செலவும் குறைவு. ஃபில்டர், ஃபீட் பம்ப் இணைப்புகளில் உள்ள காப்பர் வாஷர் பலமுறை இறுக்கியதில் கெட்டிப்பட்டுப் போயிருக்கும். அதைத் தனியே கழற்றி, வண்டிக்கு வெகு தூரத்தில் வைத்துச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மறுபடி இளகிப் பொருந்தும். பழைய மெக்கானிக்குகளின் இந்த உத்திக்கு உலோகவியல் முழு ஆதரவு தருகிறது. புது வாஷரே கிடைத்தால் இன்னும் நல்லது.

மற்றவை அப்படியல்ல. சோப்பு டீசலில் கரையாது என்பதால் டேங்கில் விழுந்த சிறு பொத்தலை ஒர்க்‌ஷாப் போய்ச்சேரும் வரை அடைக்கும். சூடும் அதிர்வும் உள்ள பம்பில் அது நிற்காது. சைக்கிள் டியூப் ரப்பர் டீசல் பட்டால் உப்பிக் கொழகொழத்துவிடும். எம்-சீல் எண்ணெய்ப் பிசுக்குள்ள பரப்பில் பிடிக்காது. ஒருவேளை பிடித்துவிட்டால், பிறகு பம்பைப் பிரிப்பவருக்கு அதைச் சுரண்டி எடுப்பதே தனி வேலை. சாதாரண சிலிக்கான் கேஸ்கட் பேஸ்ட் டீசலில் ஊறிப் பிய்ந்து உள்ளே போகும். டெஃப்லான் டேப்பும் இங்கே வீண்: இந்த இணைப்புகளில் டீசலைத் தடுப்பது மரை அல்ல, வாஷரின் முகம். பிய்ந்த டேப் துணுக்குகள் நாசிலை அடைத்தால் சில நூறு ரூபாய் வேலை பல ஆயிரமாகிவிடும்.

டேங்கில் எதையாவது ஊற்றிக் கசிவை நிறுத்தும் முறைக்கு ரசிகர்கள் அதிகம். அதன் பின்னால் ஓர் உண்மையும் இருக்கிறது. பழைய பம்ப்களின் ஓ-ரிங்குகள் நைட்ரைல் ரப்பரால் ஆனவை. டீசலில் உள்ள அரோமேட்டிக் பொருள்களை உறிஞ்சி அவை சற்று உப்பியிருக்கும். டீசலிலிருந்து கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பில் அரோமேட்டிக்கும் குறைவதுண்டு. அப்போது உப்பிய ரப்பர் சுருங்கும். 1993இல் அமெரிக்காவில் கந்தகம் குறைந்த டீசல் வந்தபோது கலிபோர்னியாவில் ஏராளமான பழைய லாரிகளின் பம்ப்கள் இப்படித்தான் ஒழுகின. மாநில ஆளுநர் இதற்கென ஒரு பணிக்குழுவையே அமைக்க வேண்டிவந்தது. இந்தியாவில் பிஎஸ்-3 காலத்தில் 350 பிபிஎம் ஆக இருந்த கந்தக வரம்பு, பிஎஸ்-4இல் 50 ஆகி, 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6இல் 10 ஆகிவிட்டது. முதிர்ந்து இறுகிய சீல்களுக்கு இது சோதனைக் காலம்.

கியர்பாக்ஸுக்கான ஏடிஎஃப் எண்ணெயைச் சிறிதளவு கலந்தால் லேசாகச் சுருங்கிய சீல் கொஞ்ச நாள் தாங்கலாம். வெடித்த சீலையோ தேய்ந்த ஷாஃப்டையோ எந்த எண்ணெயும் குணப்படுத்தாது. பிரேக் ஆயிலை ஊற்றவே கூடாது. அது நைட்ரைலை அளவுக்கு மீறி உப்பவைத்து நாசமாக்கும், டீசலோடும் கலக்காது. கழிவு இன்ஜின் ஆயிலில் உள்ள கரியும் உலோகத் தூளும் பம்பின் உட்பாகங்களை அரைத்துவிடும். நிலையான தீர்வு, வைட்டான் எனப்படும் ஃப்ளோரோ ரப்பரில் செய்த சீல் கிட்டைப் போடுவதுதான்.

கண்ணுக்குத் தெரியாத கசிவு ஒன்றும் உண்டு. இன்ஜின் பிளாக்கில் பொருத்திய ஃபீட் பம்பின் டயாஃப்ரம் கிழிந்தால் டீசல் தரையில் சொட்டாது; ஆயில் சம்பில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியிருந்தாலோ, ஆயில் தண்ணீர்போல் இளகி டீசல் வாடை அடித்தாலோ இன்ஜினை ஓட்டக் கூடாது. ஆயில் குறையவில்லையே என்று மகிழ்ந்திருப்பவர் பேரிங்குகளைப் பறிகொடுப்பது இப்படித்தான்.

மெயின் பம்பைப் பிரிப்பது பெஞ்ச் உள்ள கடையின் வேலை. சீல் மாற்றியபின் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, ஒவ்வொரு நாசிலுக்கும் எவ்வளவு டீசல் போகிறது என்று அளந்து காலிப்ரேஷன் செய்ய வேண்டும். காமன் ரெயில் வண்டி என்றால் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். அங்கே வீட்டு வைத்தியம் என்ற பேச்சே கூடாது.

கசிவோடு ஓட்டுவது சட்டத்தின் பார்வையிலும் குற்றமாகலாம். பழுது இருப்பது தெரிந்தும் பொது இடத்தில் ஆபத்தான வண்டியை ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவு 1,500 ரூபாய் அபராதம் விதிக்கிறது. அந்தப் பழுதால் விபத்து நேர்ந்து யாருக்காவது காயமோ பொருட்சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறைகூட உண்டு. சாலை வளைவில் சிந்திய டீசலில் வழுக்கி விழும் இரு சக்கர வாகன ஓட்டிக்கு ஹெல்மெட்டைத் தவிர வேறு காப்பு இல்லை.

காசு கொடுத்துப் பம்ப் பார்த்தபின் மறுபடி ஒழுகினால் என்ன செய்வது? அதற்கான பதில் பெரும்பாலும் பில்லில் இருக்கிறது. “பம்ப் வேலை” என்று துண்டுச் சீட்டில் எழுதித் தருவது போதாது. மாற்றிய பாகங்கள், கிட்டின் பிராண்ட், கூலி, உத்தரவாதக் காலம் எல்லாம் பில்லில் வர வேண்டும். கழற்றிய பழைய சீல்களையும் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடவடிக்கை. சரியாகச் செய்யாத ரிப்பேர் சேவைக் குறைபாடு.

லோடு வண்டி ஓட்டுபவர்கள் பலர், தங்கள் வண்டி தொழிலுக்கானது என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அது சரியல்ல. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வண்டி வைத்திருப்பவரையும் இந்தச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் முறையிடலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் இரண்டு ஆண்டுக்குள் போய்விட வேண்டும். வழியில் வண்டி நின்று வெளியூரில் பம்ப் பார்த்தவர் அந்த ஊருக்கு அலையத் தேவையில்லை. தான் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம்.