கேட்டதும் கிடைக்கும் விடை

பௌர்ணமி நெருங்கினால் திருவண்ணாமலைக்குப் புறப்படுவோர் கைப்பேசியில் இரண்டு கேள்விகளைக் கேட்பதுண்டு. ஒன்று, "கிரிவலப் பாதை எத்தனை கிலோமீட்டர்?" மற்றொன்று, "பௌர்ணமி எப்போது?" பல நேரங்களில் இணையப் பக்கங்களின் பட்டியலுக்கு மேலே, ஒரு பெட்டிக்குள் விடையே வந்து நிற்கும். கூகுள் தேடுபொறி 2014ஆம் ஆண்டு கொண்டுவந்த வசதி இது. இதனை நாம் 'விடைப்பெட்டி' என்று அழைப்போம். மாணவர்களே, அந்த விடையை எழுதியவர் யார்?

தேடுபொறி அன்று! யாரோ ஒருவர் தம் பக்கத்தில் எழுதிய வரிகளை அது எடுத்துக் காட்டுகிறது. எப்படி? அதன் மென்பொருள் முன்கூட்டியே பல கோடிப் பக்கங்களைப் படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று அட்டவணை தயாரித்து வைத்திருக்கிறது. நூல்களின் இறுதியில் உள்ள சொல்லடைவைப் போன்றது இது. நீங்கள் கேட்டதும் அட்டவணையைப் பார்த்து, பொருத்தமான பக்கங்களை வரிசைப்படுத்துகிறது. பிறகு, கேள்விக்கு நேராக விடை சொல்லும் பகுதி எது என்று தேடுகிறது.

ஆகவே, பெட்டியில் இடம்பெற விரும்புவோர் அதற்கேற்ப எழுதுகிறார்கள். மக்கள் கேட்கும் கேள்வியையே தலைப்பாக வைக்கிறார்கள். அடுத்த வரியிலேயே விடையைத் தருகிறார்கள். "கிரிவலப் பாதையின் நீளம் சுமார் 14 கிலோமீட்டர்" என்பது போல. தல வரலாறும் பிற விவரங்களும் அதன் பின்னர்தான். படிப்படியான செய்முறையானால் எண்ணிட்ட பட்டியல், புள்ளிவிவரமானால் அட்டவணை. இவ்வளவு செய்தாலும் இடம் உறுதியில்லை, தேர்வு தேடுபொறியினுடையது.

இங்கேதான் ஒரு சிக்கல். இயற்பியலில் மாறிலி, மாறி என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? பாதையின் நீளம் ஏறத்தாழ மாறிலி. பௌர்ணமி நாளோ மாறி. ஒரு முழுநிலவிலிருந்து அடுத்த முழுநிலவுக்குச் சராசரியாக 29.53 நாள். பன்னிரண்டு முறைக்கு 354 நாள். ஆண்டுக்கு 11 நாள் குறைவு. 2024இல் மார்ச் 25, 2025இல் மார்ச் 14, 2026இல் மார்ச் 3 என முழுநிலவு முன்னோக்கி நகர்ந்ததைப் பாருங்கள்.

"மார்ச் மாதப் பௌர்ணமி 14ஆம் தேதி" என்று ஆண்டைக் குறிப்பிடாமல் ஒருவர் எழுதினால், அது சுருக்கமான, தெளிவான விடைதான். ஆனால் 2026இல் அதை நம்பிப் பேருந்து ஏறியவர் 11 நாள் தாமதமாக வந்து சேர்வார்! தெளிவாக எழுதப்பட்டிருப்பது வேறு, சரியாக இருப்பது வேறு. 2024 முதல், பல பக்கங்களைத் தொகுத்துச் செயற்கை நுண்ணறிவு எழுதும் விடைகளும் தேடல் பக்கத்தின் உச்சியில் வருகின்றன. அவற்றுக்கும் இது பொருந்தும்.

எனவே பெட்டியில் விடையைக் கண்டதும் மூன்றைப் பாருங்கள்: எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? எந்த ஆண்டுக்குரியது? பஞ்சாங்கமோ நாட்காட்டியோ அதை ஒப்புக்கொள்கிறதா?

ஒரு பயிற்சியும் செய்யலாம். உங்கள் ஊரைப் பற்றி வெளியூரார் கேட்கக்கூடிய ஒரு கேள்வியை எழுதுங்கள். இரண்டே வாக்கியங்களில் விடை எழுதுங்கள். இடம், அலகு, ஆண்டு மூன்றும் அதில் இருக்கட்டும். அதை மட்டும் படித்து ஒருவர் வழி தவறாமல் வந்து சேர முடியுமா என்று நண்பரிடம் கேட்டுப் பாருங்கள்.