விழாத வானூர்தியில் விரிசல்

ஆளில்லா வானூர்தி கீழே விழவில்லை. எதிலும் மோதவும் இல்லை. ஆனாலும் சில வாரங்களில் அதன் வெள்ளை ஓட்டில், மோட்டாருக்கு அருகில், தலைமுடி போன்ற மெல்லிய கோடு ஒன்று தெரிகிறது. சீனாவின் டிஜேஐ நிறுவனம் 2015இல் வெளியிட்ட பேண்டம் 3 வகை வானூர்திகளை வாங்கியோர் பலர் இத்தகைய விரிசல்களைக் கண்டனர். தவறு யாருடையது? வாங்கியவருடையதா, செய்தவருடையதா?

இதற்கு விடை காண, ஓடு எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும். உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்தி ஓட்டை வார்க்கிறார்கள். மெல்லிய பகுதி விரைவாகவும் தடித்த பகுதி மெதுவாகவும் குளிர்கின்றன. அதனால் பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஓர் இழுவிசை தங்கிவிடுகிறது. திருகாணியை அளவுக்கு மீறி முறுக்கினால் அந்த விசை இன்னும் கூடும். பறக்கும்போது மோட்டாரின் அதிர்வும் சேர்ந்துகொள்கிறது.

இந்த விசை ஓடு முழுவதும் சமமாகப் பரவுவதில்லை. துளையின் விளிம்பிலும் கூர்மையான மூலையிலும் குவிகிறது. தேக்காவில் உள்ள துணிக்கடைகளில் துணியைக் கிழிப்பதற்கு முன் ஓரத்தில் கத்தரியால் சிறிது வெட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிறிய வெட்டில் விசை குவிவதால்தான் துணி எளிதில் கிழிகிறது.

விமானங்களுக்கும் இது பொருந்தும். 1954 ஜனவரி 10ஆம் தேதி, சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குச் சென்றுகொண்டிருந்த காமெட் விமானம் ரோம் நகரிலிருந்து புறப்பட்ட சிறிது நேரத்தில் கடலில் விழுந்தது. அதிலிருந்த 35 பேரும் மாண்டனர். ஆய்வாளர்கள் மற்றொரு காமெட்டின் உடலைப் பெரிய நீர்த்தொட்டியில் வைத்து, அழுத்தத்தை மீண்டும் மீண்டும் கூட்டிக் குறைத்துப் பார்த்தனர். திறப்பு ஒன்றின் மூலையில் தொடங்கிய விரிசல் உடலைப் பிளந்தது. விளையாட்டு வானூர்திக்கும் பயணிகள் விமானத்துக்கும் ஒப்பீடா என்று சிலர் சிரிக்கலாம். ஆனால், விரிசல் பிறக்கும் விதம் ஒன்றுதான்.

இனி, பொறுப்பைப் பற்றிப் பார்ப்போம். உத்தரவாத அட்டை என்பது தயாரிப்பாளர் தாமாகத் தரும் வாக்குறுதி. மோதியதால் ஏற்படும் சேதத்தை அது பெரும்பாலும் ஏற்பதில்லை. சிங்கப்பூரில் அதற்கு அப்பாலும் ஒரு பாதுகாப்பு உண்டு. 2012 செப்டம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த அந்த விதிகளை ‘லெமன் சட்டம்’ என்பார்கள். பழுதான பொருளை ஆங்கிலப் பேச்சுவழக்கில் ‘லெமன்’ என்பதால் வந்த பெயர் அது. இது எலுமிச்சைப் பழங்களைப் பற்றிய சட்டம் இல்லை!

பொருள் கைக்கு வந்த ஆறு மாதங்களுக்குள் குறை தெரிந்தால், அது முதலிலேயே இருந்ததாகச் சட்டம் பொதுவாகக் கருதும். அப்படி இல்லை என்று மெய்ப்பிக்க வேண்டியவர் விற்பனையாளர். அவர் முதலில் பழுதுபார்த்தோ மாற்றியோ தரவேண்டும். அது இயலாவிட்டால் விலைக்குறைப்போ பணமோ கேட்கலாம். ஆறு மாதங்களுக்குப் பிறகு, மெய்ப்பிக்கும் பொறுப்பு வாங்கியவரைச் சேரும். நாமே கீழே போட்டு உடைத்ததற்கு இந்தச் சட்டம் உதவாது.

ஆகவே, விரிசலைக் கண்டதும் வானூர்தியைப் பறக்கவிடாதீர்கள். கை உடைந்து அது யார் தலையிலாவது விழலாம். விரிசலைப் பல கோணங்களில் படமெடுத்துத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். திருகாணித் துளையில் தொடங்கும் கோடு, கீறலோ நசுங்கலோ இல்லாத ஓடு ஆகியவை உங்கள் பக்கம் பேசும். நீங்களாகத் திருகாணியைக் கழற்றிப் பசை இடவேண்டாம். உலோகத் திருகாணிகளுக்கான சில பசைகள் பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசலை அதிகமாக்கும். பிறகு பழி உங்கள்மீதே வரும்.

கடைக்காரர் மறுத்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். அங்கும் தீராவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். அங்கு வழக்கறிஞர்கள் வாதாட முடியாது. உங்களுக்காகப் பேசப்போவது ரசீதும் அந்தப் படங்களும்தான்.